பத்தாம் வசனமும் பதினோராம் வசனமும்

டிசம்பர் 31 இரவில் தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் உட்கார இடம் கிடைக்காது. நள்ளிரவு ஆராதனையில் முழங்காற்படியிட்டுப் புது வருடத்துக்குள் நுழைந்ததும், அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனத்தைப் போதகர் அறிவிப்பார். பல சபைகளில் அதன்பின் வசன அட்டைகளோடு ஒரு தட்டு வரும். ஆளுக்கு ஓர் அட்டை எடுக்கலாம். வீடு திரும்பும் வழியெல்லாம் யாருக்கு என்ன வசனம் என்பதே பேச்சு. பைபிளுக்குள்ளும் பர்ஸிலும் ஆட்டோவின் கண்ணாடியிலும் அந்த அட்டை ஒரு வருடம் இருக்கும். மாதத்தின் முதல் தேதியன்றும் ஒரு வாக்குத்தத்தம் தரும் பெந்தெகொஸ்தே சபைகள் உண்டு.

வேதமே வாழ்க்கைக்கு வழிகாட்டி என்று அறிக்கையிடும் சபைகளில், அந்த வேதம் நடைமுறையில் எப்படி வழிகாட்டுகிறது என்று பார்க்க இந்த அட்டையைவிட நல்ல சான்று இல்லை. படித்தவர்களில் சிலர் இதைக் கிளி ஜோசியத்தோடு சேர்த்துப் பேசி ஒதுக்குகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு. ஏட்டைத் தொடவே விடாமல் பல தலைமுறைகளாகத் தடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்களே நம் சபைகளில் பெரும்பாலோர். அவர்களில் ஒரு பாட்டி, வேதத்தின் ஒரு வரியைத் தன் வரி என்று சொல்லி மனப்பாடமாக வைத்திருப்பது சின்ன விஷயமில்லை. முழு அதிகாரத்தை வாசிக்க நேரமோ கண்பார்வையோ இல்லாதவர்களுக்கும் ஒரு வசனம் கூடவே வரும். மருத்துவமனை வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இறையியல் விளக்கம் உதவாது; வாயில் வரும் வசனம் உதவும். ஓய்வுநாள் பள்ளியில் சிறுவயதில் படித்த மனப்பாட வசனம் அறுபது வயதில் தாங்கிப் பிடிப்பதைப் பார்த்தவர்கள் இதை லேசாகப் பேசமாட்டார்கள்.

வழக்கத்துக்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. 386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகஸ்தீன் பவுலின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ரோமர் 13-ஆம் அதிகாரப் பகுதியைத் தனக்கான கட்டளையாக ஏற்று வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். அதே அகஸ்தீன் பிற்காலத்தில் எழுதிய கடிதம் ஒன்றில், உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களில் குறி பார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்கிறார். 506-இல் தெற்குப் பிரான்சின் அக்த் நகரில் கூடிய ஆயர் மாமன்றம், வேதத்தைக் கொண்டு குறி பார்ப்பதைத் தடை செய்தது. ஆசையும் எச்சரிக்கையும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்திருக்கின்றன.

ஜெர்மானியப் பக்தி இயக்கத்தில் இது ஒழுங்கான வடிவம் பெற்றது. ஹாலேயில் இறையியல் படித்த போகாட்ஸ்கி, நாளுக்கொரு வசனம் தரும் தியான நூலை 1718-இல் வெளியிட்டார். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கும் ஹாலேயில் படித்தவர்தான். ஹெர்ன்ஹூட்டில் சின்செண்டார்ஃப் பிரபு 1728-இல் தொடங்கிய அன்றாட வசனம் 1731 முதல் ஆண்டு நூலாக அச்சாகி வருகிறது. அங்கேயும் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கப்படுகிறது. ஆனால் அதற்கு ஒத்த புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைத் தேர்ந்து பக்கத்தில் வைக்கிறார்கள். அன்றைய வாசிப்புப் பகுதியையும் குறிக்கிறார்கள். வசனத்தைத் தனியே விடக்கூடாது என்ற பொறுப்பு அதில் தெரிகிறது. அந்த வசனம் எல்லோருக்கும் ஒன்றே என்பதும் முக்கியம். நம் அட்டையில் இந்த இரண்டும் இல்லை.

தட்டில் அதிகம் காணப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்களைக் குறித்து நான் வைத்திருக்கும் எண்ணங்கள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கடவுள் தரும் உறுதி அது. அந்த அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துப் போனவர்களுக்கு, எருசலேமில் இருந்த எரேமியா எழுதி அனுப்பியது. எப்போது ஊர் திரும்புவோம் என்பதே அவர்களின் ஒரே கேள்வி. பத்தாம் வசனம் அதற்குப் பதில் சொல்கிறது: எழுபது வருடம் ஆகும். அதாவது, கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகமாக எவரும் ஊரைப் பார்க்கப்போவதில்லை. அந்தப் பதிலைச் சொன்ன பிறகே பதினோராம் வசனம் வருகிறது. அதற்கு முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய நகரத்தின் நலனைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்ற கட்டளைகள்.

இதற்கு முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால் நெஞ்சு திடுக்கிடும். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று கடவுளின் பெயரால் வாக்குக் கொடுக்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி எல்லோர் முன்பாகவும் உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அவன் சொன்னது பொய் என்கிறது வேதம். இந்த வருடமே உன் நிலைமை மாறும் என்று சொல்லிப் பதினோராம் வசனத்தைக் கையில் தரும்போது, எரேமியாவின் வார்த்தையை எடுத்து அனனியாவின் செய்தியைச் சொல்கிறோம். இந்த வழக்கத்தின் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

அடுத்தது, தட்டில் இடம்பெறாத வசனங்கள். சீட்டு கர்த்தர் தந்தது என்கிறோம். ஆனால் எந்த வசனங்கள் சீட்டாகலாம் என்பதை அச்சிடுபவர் முன்பே முடிவு செய்துவிட்டார். உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்ற உபாகமம் 28:13 இருக்கும். கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தால் என்று அதே வசனம் வைக்கும் நிபந்தனை பெரும்பாலும் இருக்காது. கீழ்ப்படியாதவர்களுக்கு அந்த அதிகாரம் 15 முதல் 68 வரை அடுக்கும் சாபங்களை யாரும் அச்சிடப்போவதில்லை. எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டு என்ற பிலிப்பியர் 4:13 தேர்வுக் காலத்தில் பிள்ளைகளின் பென்சில் பெட்டிக்குள் போகிறது. பவுல் அதை எழுதியது காவலில் இருந்தபோது; பட்டினியிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டதைச் சொல்லி முடித்த இடத்தில். மதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்படித் தேர்ந்தெடுத்து வாசிப்பதால் வரும் சேதம் ஜனவரியில் தெரியாது. வேலை போகும்போது, குழந்தை இறக்கும்போது தெரியும். வாக்குத்தத்தம் பொய்க்காது என்று கற்றுக்கொண்டவருக்கு மிஞ்சும் முடிவு ஒன்றுதான்: என் விசுவாசம் போதவில்லை. துக்கத்தோடு குற்றவுணர்வையும் சுமக்கவைக்கும் இந்தப் போதனை கொடியது. சங்கீதப் புத்தகத்தில் எத்தனையோ புலம்பல்கள் இருக்கின்றன. 88-ஆம் சங்கீதம் வெளிச்சமே இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அந்த அதிகாரத்தை ஒருமுறை சபையாகச் சேர்ந்து வாசித்திருந்தால், அப்படி அழுவதற்கும் வேதத்தில் இடமுண்டு என்று அவர் தெரிந்துகொண்டிருப்பார்.

ஒற்றை வசனமே தவறு என்று நான் சொல்லவரவில்லை. வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைகளுக்கும் ஒற்றை வசனங்களாலேயே பதில் சொல்கிறார். மூன்றும் உபாகமம் 6, 8 அதிகாரங்களில், இஸ்ரவேலின் வனாந்தர வாழ்வைப் பேசும் பகுதியிலிருந்து வருபவை. அவர் நிற்கும் இடத்தோடு பொருந்துபவை. சாத்தானும் வசனம் சொல்கிறான். அவன் எடுப்பது பாதுகாப்பைப் பற்றிய 91-ஆம் சங்கீதம், அட்டைகளில் நாம் அடிக்கடி பார்ப்பது. கடவுளைச் சோதித்துப் பார்க்க அந்த வாக்குத்தத்தத்தைப் பயன்படுத்தலாம் என்கிறான். இயேசு மறுக்கிறார்.

வழக்கத்தை நிறுத்தத் தேவையில்லை, திருத்தலாம். அட்டையில் வசனத்தோடு, அது வரும் அதிகாரத்தை ஜனவரி முழுதும் குடும்ப ஜெபத்தில் வாசிக்கும்படி ஒரு குறிப்புச் சேர்க்கலாம். போதகர் ஞாயிறுதோறும் அதே அதிகாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரசங்கிக்கலாம். ஒரு வருடமாவது வாக்குத்தத்தத்துக்குப் பதிலாக ஒரு கட்டளையை ஆண்டு வசனமாக அறிவிக்கலாம். கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்லும் உபாகமம் 24:15-ஐ நான் முன்மொழிவேன். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்குட்டியாருக்கும், சபைப் பள்ளிகளில் தற்காலிகமாக வேலை செய்யும் ஆசிரியைகளுக்கும், விசுவாசிகளின் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அக்காமாருக்கும் என்ன சம்பளம், எந்தத் தேதியில் தருகிறோம் என்று அந்த வருடம் சபைக் கமிட்டி உட்கார்ந்து பேசவேண்டிவரும்.