வாசலில் பேவரா, கான்கிரீட்டா?

வீடு கட்டி முடிக்கும்போது கையில் மிஞ்சுகிற காசில்தான் பெரும்பாலும் வெளித்தளம் போடப்படுகிறது. பெயின்ட் காய்ந்தாயிற்று, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, வாசல் மட்டும் இன்னும் செம்மண்ணாகக் கிடக்கும். "பி.சி.சி. போட்டு விட்ரலாம் சார், ரெண்டே நாள் வேலை" என்பார் மேஸ்திரி. "பேவர் போடுங்க, பார்வையா இருக்கும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். வேகமும் அழகும் பேசப்படுகிற இந்த இடத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தரையைப் பின்னால் தோண்டவேண்டி வருமா?

சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. கேட்டிலிருந்து போர்டிகோ வரை, கார் நிற்கும் இடம் உட்பட, 60 மி.மீ. பேவர் பிளாக். பக்கவாட்டுச் சந்திலும் துணி துவைக்கும் பின்கட்டிலும் கான்கிரீட். ஒரே களிமண், ஒரே ஐப்பசி மழை, ஒரே கத்திரி வெயில். இரண்டையும் பல மழைக்காலம் பார்த்தாகிவிட்டது. ஆகவே இந்த ஒப்பீடு கடைக்காரர் தரும் கேட்லாக்கைப் பார்த்து எழுதியது இல்லை.

கான்கிரீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலுக்கு 4 அங்குலத் தடிமன், எம்20 கலவை (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி) என்பது வழக்கம். 500 சதுர அடிக்கு நாலரை கன மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கலவை வரும், அதில் 37, 38 மூட்டை சிமெண்ட் போகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேஸ்திரி இறக்கச் சொல்லும் மூட்டைகளை எண்ணுங்கள். முப்பதுக்கும் கீழே இருந்தால் தடிமனிலோ கலவையிலோ ஏதோ குறைகிறது.

பயன்படுத்துவதற்குக் கான்கிரீட் சுகமானது. துடைப்பம் தடையில்லாமல் ஓடும். வாக்கர் வைத்து நடக்கும் பெரியவர்களுக்கு இடறாது. வடகம் காயப்போடலாம். கழுவிவிட்டால் ஒரே வீச்சில் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும், வாட்டம் சரியாக இருந்தால். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பார்த்து 50 அடிக்கு ஓர் அடி இறக்கம் போதும். அதற்கும் குறைத்தால் அங்கங்கே தேங்கிப் பாசி பிடிக்கும்.

விரிசல் விடுமா? விடும். காயும்போது சுருங்குவது கான்கிரீட்டின் இயல்பு, அதை யாராலும் நிறுத்த முடியாது. எந்த இடத்தில் விரிசல் விடவேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம், அவ்வளவுதான். 4 அங்குலத் தளமென்றால் 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, தடிமனில் கால் பங்கு ஆழத்துக்கு, ஊற்றிய மறுநாளுக்குள் கட்டிங் மெஷினால் கீறிவிட வேண்டும். சுருக்கம் அந்தக் கோட்டின் அடியிலேயே நூலாக ஓடி மறைந்துகொள்ளும். எங்கள் சந்தில் அப்படித்தான் இருக்கிறது. கோடு போடாத பின்கட்டில், சாக்கடைத் தொட்டியின் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல் கிளம்பிச் சுவர் வரை போயிருக்கிறது. சதுரத் தொட்டியின் மூலைதான் விரிசலுக்குப் பிடித்த இடம். கம்பி வலை போட்டால் விரிசலே வராது என்று சொல்வதை நம்பாதீர்கள். வந்த விரிசல் வாய்பிளக்காமல் வலை பிடித்துக்கொள்ளும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கான்கிரீட்டைக் கெடுக்கும் இரண்டு பழக்கங்கள் நம் ஊரில் உண்டு. ஊற்றிய மேற்பரப்பில் ஈரம் மிதக்கும்போதே காய்ந்த சிமெண்டைத் தூவி வழவழவென்று தேய்ப்பது ஒன்று. அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், சில மாதங்களில் மேல்தோல் பொடியாக உதிரும், வலைவலையாகக் கீறல் விழும், மழையில் வழுக்கும். வெளித்தளத்துக்குத் துடைப்பத்தை இழுத்துச் சொரசொரப்பு ஏற்றினாலே போதும். இன்னொன்று, தண்ணீர் விடுவதில் காட்டும் அவசரம். ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கடைகளில் அதிகமும் விற்கும் பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காக்கவேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது சணல் சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருங்கள். மூன்றாம் நாளே காரை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

விரிசலோடு வாழ்ந்துவிடலாம். தோண்டுவதில்தான் பாடு. புறநகரில் வீடு கட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வீடு கட்டும்போது பாதாளச் சாக்கடை இருக்காது, பிறகு வரும். குடிநீர் இணைப்பு தனியே வரும். சம்ப்பின் இன்லெட் குழாய் ஒழுகும். ஒவ்வொரு முறையும் கடப்பாரையோ பிரேக்கர் மெஷினோ இறங்கும், பிறகு ஓர் ஒட்டு விழும். அந்த ஒட்டு பழைய தளத்தின் நிறத்துக்கு ஒருபோதும் வராது, விளிம்பிலும் சேராது.

பேவர் பிளாக் பிறந்ததே இந்தத் தொல்லைக்குப் பழக்கப்பட்ட நாட்டில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்தில் தெருக்களைச் செப்பனிடச் செங்கல் போதவில்லை, அந்த இடத்துக்குக் கான்கிரீட் கட்டிகள் வந்தன. அங்கே பல இடங்களில் நிலம் மெத்து. தளம் அமுங்கினால் கல்லை எடுத்து, மணல் நிரப்பி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம் என்பது அவர்களுக்குப் பெரிய வசதி.

நமக்கும் அதுதான் பெரிய வசதி. காருக்கு அடியில் ஓடும் எங்கள் தண்ணீர்க் குழாய் ஒழுகியபோது, பிளம்பர் இரண்டு தட்டை ஸ்க்ரூடிரைவரால் முதல் கல்லை நெம்பி எடுத்தார். மற்றவை கையாலேயே வந்துவிட்டன. சாயங்காலத்துக்குள் எல்லாம் பழைய இடத்துக்குப் போயின. இப்போது எந்த இடத்தில் தோண்டினோம் என்று எனக்கே காட்டத் தெரியாது. தெரு உயர்ந்துவிடும் ஊர்களில் இந்த வசதியின் மதிப்பு இன்னும் கூடும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தியதற்குக் காரணமே, தெரு மேலே ஏற ஏற வீடுகள் பள்ளத்துக்குப் போனதுதான். பேவர் வாசலென்றால் கல்லை எடுத்து, கிராவல் நிரப்பி, மட்டத்தை உயர்த்தி, அதே கல்லைப் போட்டுக்கொள்ளலாம். கான்கிரீட் வாசலில் பழையதன்மேல் புதியது ஏறும், அவ்வளவுதான் வழி.

இவ்வளவு சொன்னதும் பேவர்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் பார்த்த பேவர் வாசல்களில் பாதி, டயர் ஓடும் தடத்தில் இரண்டு வாய்க்கால் விழுந்து கிடக்கிறது. கல்லின் குற்றம் அதில் குறைவு. கல்லுக்குக் கீழே ஒன்றுமே செய்யாததுதான் காரணம். மண்ணைச் சமப்படுத்தி, கிரஷர் தூளைக் கொட்டி, மேலே கல்லை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். தரை அமுங்கினால் கல்லும் அமுங்கும்.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? முதலில் மண்ணை மெஷின் வைத்து இறுக்கவேண்டும். பழைய மேஸ்திரிகள் திமிசுக் கட்டையால் இடித்தார்கள், இன்றைக்கு வாடகைக்கு காம்பாக்டர் கிடைக்கிறது. அதன்மேல் பெரிதும் சிறிதும் கலந்த ஜல்லிப் படுகை 4 முதல் 6 அங்குலம். களிமண்ணானால் 6 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அதையும் தண்ணீர் தெளித்து இறுக்கவேண்டும். பிறகு ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் பெருமணல். மட்டக் கோளாறை மணலைக் கொட்டிச் சரிக்கட்டக் கூடாது, ஜல்லியிலேயே சரிசெய்துவிட வேண்டும். மணலுக்குப் பதிலாக கிரஷர் தூள் மலிவு என்பார்கள். அதிலுள்ள நைஸான மாவு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வண்டி ஏறி இறங்க ஏறி இறங்க அது சேறாகிக் கல் நகரும். கல் பதித்த பிறகு காம்பாக்டரை ஒருமுறை ஓட்டி, இடுக்குகளில் காய்ந்த மெல்லிய மணலைக் கூட்டித் தள்ளி, மறுபடியும் ஓட்டவேண்டும். இடுக்கில் நிற்கும் அந்த மணல்தான் ஒரு கல்லின் பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குக் கடத்துகிறது. ஓரத்தில் சுவர் இல்லாத பக்கமெல்லாம் கான்கிரீட் பெல்ட் கட்டவேண்டும். பெல்ட் இல்லாத பேவர் மெல்ல மெல்ல வெளியே நகரும், இடுக்குகள் விரியும், பிறகு எதுவும் நிற்காது.

கார் நிற்கும் இடத்தில் கற்களை மீன்முள் மாதிரி, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் தள்ளலை அந்த அடுக்குதான் நன்றாகத் தாங்கும். ஓரங்களில் கல் வெட்டும் வேலை கூடும் என்பதால் ஆட்கள் முனகுவார்கள்.

கல் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஐ.எஸ். 15658 தரநிலை நடைபாதைக்கு 50 மி.மீ., கார் நிறுத்தத்துக்கு 60 மி.மீ. எம்35, அதற்குமேல் போக்குவரத்து உள்ள இடத்துக்கு 80 மி.மீ. எம்40 என்று பிரிக்கிறது. தண்ணீர் லாரி உள்ளே வந்து சம்ப்பை நிரப்பும் வீடென்றால் 80 மி.மீ.தான். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். ரப்பர் அச்சில் ஊற்றி எடுத்த பளபளப்பான கல், மெஷினில் அழுத்தி எடுத்த சொரசொரப்பான கல் என்று இரண்டு வகை கிடைக்கும். மழையில் நனையும் வாசலுக்கு நான் முதலாவதை வாங்கமாட்டேன், வழுக்கும்.

வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மாதிரிக்குக் கொடுக்கும் கல்லை நல்ல வெயிலில் சில நாள் காயவைத்துச் சமையலறைத் தராசில் நிறுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துடைத்து மறுபடி நிறுங்கள். தரநிலைப்படி சராசரியாக 6 சதவீதத்துக்குமேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. 2.8 கிலோ கல் என்றால் 170 கிராமுக்குள் ஏறலாம். ஆய்வகத்தில் அடுப்பில் உலர்த்துவார்கள், வெயிலில் அந்த அளவுக்குக் காயாது. ஆகவே நம் தராசிலேயே 6 சதவீதம் தாண்டினால் அந்தக் கல்லைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். நான் சோதித்த மாதிரிகளில் பார்க்க அழகான சிவப்புக் கல்தான் முதலில் தோற்றது.

பேவர் போட்டால் மழைநீர் நிலத்தில் இறங்கும் என்பதும் பாதி உண்மைதான். எங்கள் பேவரில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தால் பெரும்பகுதி வாட்டத்தோடு ஓடிவிடுகிறது, கொஞ்சமே இடுக்கில் இறங்குகிறது. அரை விரலகல இடைவெளி விட்டு, அதில் சிறு சல்லியை நிரப்பி, அடியிலும் மாவில்லாத ஜல்லி போட்டால்தான் நீர் உண்மையில் உள்ளே போகும். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குப் பேவர் மாற்றாகாது. மரம் இருந்தால் இரண்டையுமே தள்ளி நிறுத்துங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நம் வீட்டு வேம்புக்கும் அந்த அளவு இடமாவது வேண்டாமா?

பராமரிப்பில் பேவர் கொஞ்சம் பாடுபடுத்தும். மழை நின்றதும் இடுக்கில் அறுகம்புல் தலைகாட்டும். எறும்பு மணலை வெளியே கொண்டுவந்து குவிக்கும். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் இடுக்கு மணல் மொத்தமும் பறந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை மணல் தூவிக் கூட்டவேண்டும். புதிய கல்லில் பூக்கும் வெள்ளைப் படிவம் நாளாக நாளாகத் தானே குறையும், அதற்காக ஆசிட் ஊற்றாதீர்கள். ஆசிட் கல்லையே தின்னும், கான்கிரீட்டையும் தின்னும்.

கோலம் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புள்ளி வைப்பதற்கு இடுக்குகள் உதவும் என்று நான் நினைத்திருந்தேன். "இழுக்கிற கோடெல்லாம் குழியில விழுதுடா" என்றார் அம்மா. கேட்டை ஒட்டி ஒரு கடப்பாக் கல்லோ, துடைப்பம் இழுத்த கான்கிரீட் பட்டையோ விட்டுவிடுவது நல்லது.

என் தீர்ப்பு இது. அடியில் குழாய் ஓடுகிற, தெரு உயரக்கூடிய, மண் நம்பமுடியாத வாசலுக்கு 60 மி.மீ. பேவர். குழாய் ஏதும் போகாத சந்து, துவைக்கும் இடம், கேட்டுக்கு வெளியே சாய்வுத்தளம் ஆகியவற்றுக்குக் கோடு கீறிய கான்கிரீட். ஜல்லியும் காம்பாக்டரும் பெல்ட்டும் சேர்க்காத பேவர் கோட்டேஷன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், அந்தக் காசுக்குக் கான்கிரீட்டே மேல். பேவர் என்று முடிவானால் முப்பது கல் கூடுதலாக வாங்கி மொட்டைமாடி ஓரத்தில் அடுக்கிவிடுங்கள். அடுத்த வருஷம் கேட்டால் அதே நிறம் கிடைக்காது.