படர்க்கையில் நின்ற மகள்

தம் வரலாற்றைத் தாமே எழுதுவோர் ‘நான்’ என்று தொடங்குவதே உலக வழக்கு. 1792-ஆம் ஆண்டில் மரியா அன்னா மோட்சார்ட் வரைந்த சிறு நினைவுரை அவ்வழக்கிற்கு மாறானது. இசை மேதை வொல்ஃப்காங் மோட்சார்ட்டின் தமக்கையார் இவர். தம்பி 1791 டிசம்பரில் மறைந்தபின், மறைந்தோர் வரலாறுகளைத் தொகுத்து வந்த ஷ்லிஷ்டெக்ரோல் என்னும் ஜெர்மானிய அறிஞர் விடுத்த வினாக்களுக்கு விடையாக எழுந்தது இவ்வுரை.

தந்தையார் லியோபோல்ட் 1787 மே 28-இல் காலமாகி அப்போது ஐந்தாண்டு. கேட்கப்பட்டது தம்பியின் கதை. எழுதப் புகுந்தவர் எதிரே வந்து நின்றதோ தம் குழந்தைப் பருவம். அவ்வில்லத்தின் முதல் மேதை அவரல்லவா? 1759-இல் தந்தை இசை ஏடொன்றைத் தொகுத்தது அவருக்காகவே. 1763 முதல் 1766 வரை பாரிஸிலும் இலண்டனிலும் இரு குழந்தைகளும் வாசித்தனர். பன்னிரண்டு வயதிலேயே ஐரோப்பாவின் மிகத் தேர்ந்த வாசிப்பாளருள் ஒருத்தி என மகளைக் குறித்துத் தந்தை 1764-இல் பெருமிதத்தோடு எழுதினார். 1769 இறுதியில் அவரே மகனை மட்டும் அழைத்துக்கொண்டு இத்தாலி சென்றார். பதினெட்டு வயது மகள் தாயுடன் சால்ஸ்பர்க்கில் தங்கினார்.

இத்தகையவர் நினைவுரையில் எங்ஙனம் தோன்றுகிறார்? ஏழு வயது மகளுக்குத் தந்தை கிளாவியர் வாசிக்கக் கற்பிக்கத் தொடங்கியபோது மகனுக்கு மூன்று வயது என்கிறார். ‘அம்மகள் நானே’ என்று கூறினாரில்லை. தமிழ் இலக்கணம் இதனைப் படர்க்கை என்னும். அரபு இலக்கணிகள் தன்மையை ‘முதகல்லிம்’, அதாவது பேசுபவர் என்றும், படர்க்கையைக் ‘காயிப்’, அதாவது அவ்விடத்தில் இல்லாதவர் என்றும் வகுத்தனர். ஈண்டுப் பேசுபவரே இல்லாதவராகி நிற்கிறார்.

இதனைத் தந்தையின் கொடுமைக்குச் சான்றாகக் கொள்வார் உண்டு. அது முழு உண்மையன்று. இருவரின் கல்விக்காக வயலின் கற்பித்தலையும் இசை இயற்றுதலையும் தந்தை துறந்தார் என நன்றியுடன் பதிவு செய்பவரும் இவரே. பிறரைப் பற்றி வினவப்பட்டவர் தம்மைப் பின்னிறுத்துதல் பண்பும் ஆகும். எனினும், நடந்ததைக் கூறும் இவ்வுரை, தம் பயணம் ஏன் நின்றது என்னும் வினாவை எழுப்பாமலே கடந்து செல்கிறது. அந்த நன்றியும் இந்த மௌனமும் ஒரே நெஞ்சிலிருந்து பிறந்தவை. ஒன்றைக் கொண்டு மற்றதை மறுப்பது நேர்மையான திறனாய்வாகாது.

ஆதலின் இந்நினைவுரையைத் தனியே படித்தல் போதாது. தந்தைக்குப்பின் குடும்பக் கடிதங்களைப் பேணி வைத்தவர் இவரே. அவற்றுள் 1770-இல் இத்தாலியிலிருந்து தம்பி எழுதிய மடல் ஒன்றுண்டு. தமக்கை இயற்றிய பாடலைக் கண்டு வியந்து, மேலும் இயற்றுமாறு அதில் அவர் தூண்டுகிறார். அப்பாடல் இன்று இல்லை. அவர் இயற்றிய வேறெதுவும் கிடைக்கவில்லை. அப்படியொரு பாடல் இருந்தது என்பதற்குச் சான்று அம்மடலே. தம் உரையில் சொல்லாது விட்ட ‘நானை’ அவர் அழித்துவிடவில்லை. காத்து வைத்த கடிதக் கட்டினுள் நமக்கு விட்டுச் சென்றார்.