ஜன்னலோர ரசனை

சென்ற மாதம் ஒரு வாசகர் சந்திப்பில் பரிசோதனை இசை பற்றிப் பேசிய நண்பர், இப்போது எல்லா இடத்திலும் செலாவணியாகிற வாதத்தையே முன்வைத்தார். ராகம், தாளம், பல்லவி என்று பிடிமானம் எதுவும் இல்லாத ஆல்பத்துக்கு இலக்கணம் பார்த்து விமர்சனம் எழுத முடியாது. கேட்டவனுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்வதுதான் விமர்சனம் என்றார். கைதட்டினார்கள். பிறகு வில்லியம் பசின்ஸ்கியின் 'தி டிஸின்டிக்ரேஷன் லூப்ஸ்' பற்றித் தான் எழுதியதை வாசித்தார். அப்பாவின் கடைசி நாட்கள், ஆஸ்பத்திரி ஜன்னல், வெளியே மழை, காதில் ஹெட்ஃபோன். நல்ல தமிழ், எனக்கே தொண்டை அடைத்தது. அவர் வாசித்து முடித்த பிறகும் அந்த ஆல்பத்தில் என்னதான் ஒலிக்கிறது என்று அரங்கில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த வகை எழுத்துக்கு நானும் கடன்பட்டவன்தான். 1975இல் லூ ரீட் 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்ற இரட்டை இசைத்தட்டை கிதார் ஃபீட்பேக்கின் இரைச்சலால் மட்டுமே நிரப்பி வெளியிட்டபோது ஊரே காறித் துப்பியது. லெஸ்டர் பேங்ஸ் என்ற விமர்சகர் தன் கிறுக்குத்தனம் அத்தனையையும் கொட்டி அதைக் கொண்டாடினார். அப்படி யாராவது கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டோம். சின்ன லேபிள்களில், கைக்காசு போட்டு வெளியிடும் கலைஞர்களுக்கு ரசிகனின் வாய்தான் விளம்பரம். இதெல்லாம் சரி.

ஆனால் என்னிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது. கட்டுரையில் ஆல்பத்தின் பெயரை அடித்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்ப்பேன். நண்பரின் கட்டுரையில் 'தி கேர்டேக்கர்' என்ற பெயரில் இயங்கிய லேலண்ட் கர்பியின் 'எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம்' ஆல்பத்தைப் போட்டேன். ஒரு வரிகூட நெருடவில்லை. இரண்டிலும் இசை சிதைகிறது, உண்மைதான். ஆனால் பசின்ஸ்கியிடம் பழைய ஒலிநாடா தானாக உதிர்கிறது. கர்பியோ பழைய நடன இசைத்தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, எதை எப்போது எவ்வளவு கெடுப்பது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கிறார். 2016 முதல் 2019 வரை, மறதிநோயின் ஆறு கட்டங்களாக, ஆறரை மணி நேரம். ஒன்று விபத்து, மற்றது திட்டம். இந்த வேறுபாடுகூடத் தெரியாத கட்டுரை எதைக் கேட்டுவிட்டு எழுதப்பட்டது?

பசின்ஸ்கியின் கதை எல்லோருக்கும் தெரியும். 2001 கோடையில் புரூக்ளினில், ஏறக்குறைய இருபது வருடப் பழைய, முனைகளை ஒட்டிச் சுற்றவிடும் நாடா வளையங்களை டிஜிட்டலுக்கு மாற்றப் போனார். ஓட ஓட, பிளாஸ்டிக்கின் மேல் பூசியிருந்த இரும்பு ஆக்ஸைடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. நிறுத்தாமல் பதிவு செய்துகொண்டே இருந்தார். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்த செப்டம்பர் 11 மாலை மொட்டைமாடியிலிருந்து புகையைப் படம் பிடித்தார்; அந்தப் படங்களே உறைகளாயின. அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் கோபுரங்கள் சரியும் ஓசைதான் கேட்கிறது. கோபுரங்கள் விழும் முன்பே நாடா உதிர்ந்து முடிந்துவிட்டது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கதையைத் தள்ளிவைத்துவிட்டு முதல் துண்டைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஊதுகருவிகள் போல ஒலிக்கும் சிறிய இசைத்துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. வெகுநேரம் எதுவுமே மாறவில்லை என்று தோன்றும். பிறகு எங்கோ ஒரு சின்ன ஓட்டை. வளையம் அல்லவா? துகள் போன இடம் போனதுதான். அடுத்த சுற்றிலும் அந்த ஓட்டை அதே இடத்தில் வரும், சற்றுப் பெரிதாக. கொஞ்ச நேரத்தில், ஆவர்த்தனம் முடிந்து சமத்துக்குக் காத்திருப்பதுபோல, காது அந்த ஓட்டைக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறது. இழப்பே தாளமாகிவிடுகிறது! இந்த ஆல்பத்தின் சாதனை என்று நான் நினைப்பது இதுதான். கூடவே ஒரு சந்தேகமும் உண்டு. அந்த இசைத்துணுக்கு முதலிலேயே சோகமாக இருக்கிறது; நாடாவில் சோப்பு விளம்பரத்தின் துள்ளல் மெட்டு இருந்து உதிர்ந்திருந்தால் நாம் இப்படி உருகியிருப்போமா?

நானும் யோக்கியன் இல்லை. பிரையன் ஈனோ 1978இல் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' பற்றி இரண்டு பக்கம் எழுதி, மீனம்பாக்கத்தில் தம்பியை வழியனுப்பியதையும் கண்ணாடிக்கு அப்பால் அவன் கையசைத்ததையும் விஸ்தாரமாகச் சொல்லியிருந்தேன். அந்த ஆல்பத்தின் இரண்டாம் துண்டில் மனிதக் குரல்கள் ஒற்றை ஸ்வரங்களை மட்டும் பாடுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி நாடா வளையம். ஒன்று சுற்றிவர 23½ விநாடி, இன்னொன்றுக்கு 25⅞. அதனால்தான் குரல்கள் ஒரு முறை சேர்ந்த மாதிரி மறு முறை சேர்வதில்லை. வழியனுப்புதல் பற்றி எழுத வந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

தமிழில் இந்தக் கூத்தின் உச்சம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' பற்றிய கட்டுரைகள். 1986இல் சினிமாவுக்கு வெளியே வந்த ஆல்பம், தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உடனே ஹாஸ்டல் அறை, இரவல் கேசட், கரண்ட் போன ராத்திரி, அதில் வாசித்த நரசிம்மனின் வயலின், கண்ணீர். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' துண்டில் வருவது பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிடா. துணைக்கு எதுவும் இல்லாத ஒற்றை வயலினுக்காக அவர் எழுதியது. மற்றக் குரல்களெல்லாம் அந்த ஒற்றை ஓட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. ராஜா அதன்மேல் வேறு தந்திகளைப் படரவிடுகிறார். பாக் சொல்லாமல் விட்டதை இவர் உரக்கச் சொல்கிறாரா, பாக்கிடம் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறாரா? சில இடங்களில் முதலாவதுதான் நடக்கிறது, அங்கே அது மிகை என்பது என் கட்சி. தப்பு என்று யாராவது வரட்டும், வயலினும் கையுமாக, சண்டை போடலாம். 'நெகிழ்ந்துபோனேன்' என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? வாயை அடைக்கிற வேலை அது. விமர்சனத்தின் பேரில் விமர்சனத்துக்குப் போடுகிற பூட்டு.

அன்று கூட்டம் முடிந்து டீக்கடையில் நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன் போல.

"அப்போ கேட்டுட்டு அழக் கூடாதா, சார்?"

"தாராளமா அழுங்க. எந்த இடத்துல அழுதீங்க?"

யோசித்தார். நாற்பதாவது நிமிஷம் இருக்கும் என்றார். பிறகு, "இல்ல சார், அதுக்குள்ள நர்ஸ் வந்துட்டாங்க, நிறுத்திட்டேன்" என்றார்.