நடையைச் சோதித்தவர்கள் எதைச் சோதித்தார்கள்?

சர்க்கரைக்குப் போனாலும் சரி, மூட்டுவலிக்குப் போனாலும் சரி, மருத்துவர் கடைசியாகச் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "தினமும் அரை மணி நேரம் நடங்க." மாத்திரையைக் காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எழுதித் தருகிறவர், நடையை மட்டும் வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார். கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார். உலகில் வயது வந்தோரில் 31 சதவீதம் பேருக்கு 2022-ல் போதிய உடலியக்கம் இல்லை என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2024-ல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. இந்தியாவில் அது ஏறக்குறையப் பாதி. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். அறிவுரைக்குக் குறைவில்லாத நாட்டில் நிலைமை இப்படி.

அந்த அறிவுரைக்கு ஆதாரமாக இருப்பவை, உட்கார்ந்தே பழகியவர்களை அழைத்துவந்து பயிற்சி கொடுத்து நடத்திய மருத்துவச் சோதனைகள். அவற்றை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலைப் பற்றி இந்தச் சோதனைகள் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். ஆனால் அந்த உடலை வீட்டிலிருந்து கிளப்பியது எது என்பதை அவை சரியாகச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

சோதனை எதற்கு, கண்ணால் பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். அப்படிப் பார்த்ததில்தான் கதையே தொடங்கியது. லண்டனின் அக்கால மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெரி மோரிஸ் குழுவினர் 1953-ல் எழுதினார்கள். உடலியக்க ஆராய்ச்சிக்கே அதுதான் அஸ்திவாரம். மூன்றாண்டு கழித்து அதே குழு, பேருந்து ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவேட்டைப் புரட்டியது. ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது, இளம் வயதினரிடமும் கூட. அப்படியானால் ஓட்டுநர் வேலை உடலைப் பருமனாக்கியதா, பருமனானவர்கள் ஓட்டுநர் வேலைக்கு வந்தார்களா? தன் கண்டுபிடிப்பின் மேலேயே சந்தேகத்தை எழுப்பும் சான்றைத் தானே தேடி எடுத்து வெளியிட்ட நேர்மை அது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி குலுக்கல். யார் பயிற்சி செய்வது, யார் செய்யாமல் இருப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுப் போட்டுப் பிரித்துவிட்டால், இரு குழுவிலும் பருமனானவர்களும் ஒல்லியானவர்களும் ஏறக்குறைய ஒரே கணக்கில் இருப்பார்கள். கடைசியில் தெரியும் வித்தியாசத்துக்குப் பயிற்சியே காரணம் என்று துணிந்து சொல்லலாம். இந்த முறையின் முதல் பலம் இதுதான்.

இரண்டாவது பலம், எவ்வளவு செய்தால் எவ்வளவு பலன் என்று மருந்தைப் போல அளந்து காட்டுவது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள கூப்பர் இன்ஸ்டிடியூட்டில் டிம் சர்ச் குழுவினர் நடத்திய 'ட்ரூ' சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாதவிடாய் நின்ற, எடை கூடிய, உடற்பயிற்சி வழக்கமில்லாத 464 பெண்கள். வாரத்துக்குச் சுமார் 72 நிமிடம், 136 நிமிடம், 192 நிமிடம் என மூன்று அளவுகள். எதுவும் செய்யாத ஒரு குழு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பரிந்துரைக்கப்பட்ட அளவில் பாதி மட்டும் செய்தவர்களுக்கே உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அதிக அளவுக் குழுவுக்கு 8 சதவீதம். "அரை மணி நேரம் முடியாவிட்டால் பத்து நிமிடத்தால் என்ன பயன்?" என்று சாக்குச் சொல்பவர்களுக்கு 2007-ல் வந்த பதில் இது.

மூன்றாவது பலம், நமக்குப் பிடிக்காத உண்மையையும் சொல்வது. அதே பெண்களின் ரத்த அழுத்தம் குறிப்பிடும்படி இறங்கவில்லை. எடை விஷயத்திலோ இன்னும் ஏமாற்றம். செலவழித்த கலோரிக் கணக்குப்படி அதிக அளவுக் குழு சுமார் 2.7 கிலோ இளைத்திருக்க வேண்டும்; இளைத்தது 1.5 கிலோ அளவுதான். நடுத்தர அளவுக் குழு அதைவிட அதிகமாக இளைத்திருந்தது. கூடுதலாக எரித்ததை உடல் வேறெங்கோ ஈடுகட்டிக்கொண்டது. 'நடந்தால் இளைக்கலாம்' என்று பலகை மாட்டியிருக்கும் உடற்பயிற்சி நிலையங்கள் இந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. இதய, நுரையீரல் திறன் கூடுவது வேறு, எடை குறைவது வேறு என்று பிரித்துக் காட்டியதற்காகவே இச்சோதனைகளுக்கு நன்றி சொல்லலாம்.

இனி குறைகள். அவற்றைப் பார்க்க, இத்துறையின் மிகச் சிறந்த சோதனையையே எடுத்துக்கொள்வது நியாயம். மோசமான ஆய்வில் குறை கண்டுபிடிப்பதில் என்ன பெருமை? புளோரிடா பல்கலைக்கழகத்தின் மார்கோ பாஹோர் தலைமையில் அமெரிக்காவின் எட்டு மையங்களில் நடந்து 2014-ல் வெளியான 'லைஃப்' ஆய்வில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேர் சேர்ந்தார்கள். வழக்கமான உடற்பயிற்சி என்று வாரத்துக்கு 20 நிமிடம்கூடச் செய்யாதவர்கள். நடை தளரத் தொடங்கியவர்கள். ஆனால் 400 மீட்டர் நடந்து காட்ட முடிந்தவர்கள். ஒரு பாதிக்குப் பயிற்சி: வாரம் இரண்டு நாள் மையத்துக்கு வந்தும், மற்ற சில நாட்கள் வீட்டிலும் நடை, கணுக்காலில் எடை கட்டிக் கால் பயிற்சி, தடுமாறாமல் நிற்கும் பயிற்சி. மறு பாதிக்கு நலக்கல்வி வகுப்பு, கொஞ்சம் கை நீட்டி மடக்கும் பயிற்சி. கேள்வி எளிமையானது: 400 மீட்டரை 15 நிமிடத்துக்குள் உட்காராமல், யாரையும் பிடிக்காமல் நடக்கும் சக்தியை எத்தனை பேர் இழக்கிறார்கள்? சராசரி 2.6 ஆண்டுகளில் வகுப்புக் குழுவில் 35.5 சதவீதம் பேர் இழந்தார்கள். பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம்.

நூறு முதியவர்களில் கூடுதலாக ஐந்து பேர் தம் காலால் கடைக்கும் கோவிலுக்கும் போய்வரும் நிலையைத் தக்கவைத்துக்கொண்டார்கள் என்றால் அது சின்ன விஷயமில்லை. ரத்தத்தில் ஏதோ ஒரு எண்ணை அளக்காமல், நடமாட்டத்தையே அளந்தது இந்த ஆய்வின் சிறப்பு. பதினெட்டுப் பத்தொன்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தால் ஒருவருக்கு இந்தப் பலன் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

ஆனால் பயிற்சிக் குழு எவ்வளவு கூடுதலாக நடந்தது? இங்கேதான் ஆய்வறிக்கை நமக்கு ஒரு பாடம் நடத்துகிறது. கேள்வித்தாளைக் கொடுத்துக் கேட்டபோது, வகுப்புக் குழுவைவிட வாரத்துக்கு 104 நிமிடம் அதிகம் என்று வந்தது. இடுப்பில் கட்டியிருந்த அசைவுமானியைக் கேட்டால் 40 நிமிடம் என்றது. இரண்டும் ஒரே விதமான அசைவை அளப்பவை அல்ல என்பது உண்மைதான். அப்படியும் வாய்க்கணக்குக்கும் கருவிக்கணக்குக்கும் இரண்டரை மடங்கு இடைவெளி. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தன்மேல் அக்கறை காட்டும் பயிற்சியாளரிடம் "இந்த வாரம் நடக்கவில்லை" என்று சொல்ல யாருக்கும் நா எழாது. மாத்திரைச் சோதனையில் எது உண்மை மாத்திரை, எது போலி என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம். நடக்கிறவரிடம் நீ நடக்கவில்லை என்று மறைக்க முடியுமா? ஆகவே சுயமாகச் சொன்ன கணக்கை மட்டும் நம்பி எழுதப்பட்ட சோதனை முடிவுகளில் இந்த இடைவெளியை மனத்தில் கழித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக் குழுவின் பாடு இன்னொரு சிக்கல். உடற்பயிற்சி ஆய்வுக்கென்று பெயர் கொடுத்துவிட்டு, சீட்டில் 'வகுப்பு மட்டும்' என்று வந்தால் ஆர்வமுள்ளவர் சும்மா இருப்பாரா? நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயதுள்ள 1,567 பேரை ஐந்தாண்டு தொடர்ந்த 'ஜெனரேஷன் 100' ஆய்வு 2020-ல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களுக்கும் அரசு வழிகாட்டுதலை மட்டும் பெற்றவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒப்பீட்டுக் குழுவினர் தாங்களாகவே நன்றாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வந்து சேர்ந்தவர்களே ஊரில் ஆரோக்கியமானவர்கள், நடமாட்டம் உள்ளவர்கள். நடக்கவே விரும்பாதவர் இத்தகைய ஆய்வின் விளம்பரத்தைப் பார்த்துப் பெயர் கொடுக்க வருவதில்லை. யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமோ அவர் பெரும்பாலும் பதிவேட்டில் இருப்பதே இல்லை. இந்தக் குறைக்குக் குலுக்கலாலும் பரிகாரம் கிடையாது. குலுக்கல் வந்தவர்களைத்தான் பிரிக்கும், வராதவர்களை அழைத்துவராது.

பக்கவிளைவுகளைப் பற்றியும் இத்துறை கொஞ்சம் கூச்சப்படுகிறது. 'லைஃப்' அந்தக் கூச்சம் இல்லாத ஆய்வு. கடுமையான உடல்நலப் பாதிப்புகள் பயிற்சிக் குழுவில் 49.4 சதவீதம் பேருக்கும், வகுப்புக் குழுவில் 45.7 சதவீதம் பேருக்கும் நேர்ந்ததை அது மறைக்காமல் சொன்னது. புள்ளியியல்படி அது உறுதியான வேறுபாடு அல்ல. பயிற்சிக் குழுவினரை ஊழியர்கள் அடிக்கடி பார்த்ததால் அதிகம் பதிவாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே விளக்கமும் தந்தார்கள். இதயநோய் விஷயத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2016-ல் வந்த தொடர் அறிக்கை ஒப்புக்கொண்டது. இந்த நேர்மை எல்லா ஆய்வுகளிலும் இல்லை. யாருக்கு முழங்கால் வீங்கியது, யார் விழுந்தார், யார் பாதியில் நின்றார் என்ற விவரம் இல்லாத சிறு சோதனைகள் ஏராளம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. 'லைஃப்' ஆய்வில் சோதிக்கப்பட்டது நடை மட்டும்தானா? வாரம் இரண்டு நாள் பெயர் சொல்லி வரவேற்க ஒருவர், கூட நடக்க நாலு பேர், வழுக்காத தரை, காசு கேட்காத மையம், வராவிட்டால் ஏன் என்று விசாரிக்கும் ஊழியர். இத்தனையும் சேர்ந்த ஏற்பாடு அது. அப்படியிருந்தும் ஒரு முதியவர் வர வேண்டிய அமர்வுகளில் சராசரியாக 63 சதவீதத்துக்கே வந்தார். செய்தித்தாளுக்கும் மருத்துவர் வாய்க்கும் வந்து சேரும்போது அந்த ஏற்பாடு முழுவதும் உதிர்ந்து, 'நடந்தால் நல்லது' என்ற இரண்டு சொற்களே மிஞ்சுகின்றன. யார் நடக்க வைத்தார்கள் என்பது அவற்றில் இல்லை. பலன் கிடைத்தது ஏற்பாட்டுக்கு. பெயர் வாங்கிக்கொண்டது நிமிடக் கணக்கு.

சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், மூன்றாண்டில் ஒப்பீட்டுக் குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் 39.3 சதவீதம். மாத்திரை மட்டும் சாப்பிட்ட இன்னொரு குழுவுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் இதில் உணவின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு, விடாமல் தொடர்புகொண்ட ஆய்வுக் குழுவின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அதே குழு பின்னர் கைப்பேசிக் குறுஞ்செய்தியால் நினைவூட்டிப் பார்த்தது. 537 பேரில் இரண்டாண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தொடர்புகொள்வதையே சோதனைப் பொருளாக்கிய இந்த முயற்சி பாராட்டுக்குரியது. ஒரு குறை: அந்த 537 பேரும் வேலைக்குப் போகும் ஆண்கள். உடலியக்கம் குறைவாக இருப்பதோ பெண்களிடம். விடிந்தது முதல் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அரை மணி நேரம் தனியாக எங்கிருந்து வரும், இருட்டிய பிறகு எந்தத் தெருவில் நடப்பார் என்ற கேள்விகளுக்கு இந்த எண்களில் பதில் இல்லை.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. உட்கார்ந்தே இருந்த உடல் அசையத் தொடங்கினால் நன்மை உண்டு, கொஞ்சம் அசைந்தாலும் உண்டு, எடை குறையாவிட்டாலும் உண்டு. இதை நிறுவிய அளவில் இச்சோதனைகள் வென்றுவிட்டன. இதையே திரும்பத் திரும்ப நிறுவ, ஐம்பது பேரை வைத்து மூன்று மாதத்தில் முடியும் சிறு சோதனைகள் இனியும் தேவையில்லை. பரிசோதிக்க வேண்டியது பயிற்சியாளரை, கூட்டாளியை, தொலைபேசி அழைப்பை, தெருவிளக்கை.

அதற்கான வாய்ப்பு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு 2021 முதல் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். பாதையும் இருக்கிறது, வாசலுக்குப் போகும் ஆளும் இருக்கிறார். சில வட்டாரங்களைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் தன்னார்வலரே வாரம் இரண்டு நாள் பெண்களைத் திரட்டிக் கூட நடக்கட்டும். மற்ற வட்டாரங்களில் பாதை மட்டும் இருக்கட்டும். வாய்க்கணக்கு வேண்டாம், கருவியைக் கட்டி இரண்டு ஆண்டு அளக்கட்டும். மக்கள் நல்வாழ்வுத் துறையும் நம் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து செய்ய வேண்டிய சோதனை இதுதான்.