எங்க பேச்சுக்கும் எலக்கணம் உண்டு: ஆஷரை முன்வைத்து

எம்.ஏ. முதலாண்டில் ஒருநாள். "மத்தவங்கல்லாம் எங்கே?" என்று கேட்ட ஆசிரியரிடம், "வந்துகினு கீறாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. "தமிழ் படிக்க வந்தவன் பேசுற பேச்சா இது? கொச்சை" என்றார் ஆசிரியர். அவர் கொச்சை என்றது என்னைப் பெத்தவ பேசுற பேச்சு, எங்க சேரியே பேசுற பேச்சு. அப்புறம் இரண்டு வருஷம் வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாட்களில்தான் நூலகத்தில் ரொனால்ட் ஆஷர் எழுதிய 'தமிழ்' (1982) என்ற ஆங்கில இலக்கண நூல் கையில் அகப்பட்டது. உலகமொழிகள் பலவற்றையும் ஒரே கேள்விப் பட்டியலை வைத்து விவரிக்கும் ஒரு வரிசையில் வந்த நூல் அது. அதில் பேச்சுத் தமிழுக்குப் பெரிய இடம் இருந்தது. எழுத்தின் சிதைவாக இல்லாமல், தனக்கென்று விதி வைத்திருக்கிற மொழியாகவே பேச்சு அங்கே நின்றது.

யார் இந்த ஆஷர்? 1926இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் பிறந்தவர். படித்தது பிரெஞ்சு, ஆய்வுப் பட்டமும் பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு வரலாற்று எழுத்தாளர்கள் பற்றித்தான். 1953இல் லண்டன் கீழைத்தேய ஆப்பிரிக்கவியல் கல்லூரியில் சேர்ந்தபின் தமிழுக்கும் மலையாளத்துக்கும் வந்தார். 1965இல் எடின்பரோ பல்கலைக்கழகம் போய், 1977இல் மொழியியல் பேராசிரியராகி, 1993இல் ஓய்வு பெற்றார். சென்னையில் 1968இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக் கட்டுரைகளைத் தொகுத்தவர் இவரே. பத்துத் தொகுதிகளாக 1994இல் வந்த மொழி, மொழியியல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். 2022 டிசம்பரில், 96 வயதில் காலமானார்.

இதையெல்லாம் சொல்லி மாலை போடுவதோடு நம் தமிழறிஞர்கள் நிறுத்திக்கொள்வார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் தமிழ் படித்தார் என்பதே அவர்களுக்குப் போதும். என்ன தமிழ், யாருடைய தமிழ் என்று கேட்கமாட்டார்கள். நாம் கேட்கத்தான் வேண்டும்.

வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியல் விதித்துவிட்டது. உயர்ந்தோர் யார் என்று ஊருக்குத் தெரியும். மொழிக்குள் சாதி இருப்பதை நவீன மொழியியல் சீக்கிரமே கண்டுகொண்டது. தமிழில் சாதியும் கிளைமொழியும் பற்றி ஷூல் ப்ளாக் 1910லேயே பிரெஞ்சில் எழுதினார். 1964இல் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் பிராமணர், பிராமணரல்லாதார் என்று பிரித்துவைத்து ஆராய்ந்தார்கள். இந்த 'அல்லாதார்' பெட்டியைத் திறந்து பாருங்கள். நிலம் வைத்திருந்தவனும், அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவனும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஊருக்குள் ஒரே கிளாசில் டீ குடிக்க முடியாதவர்கள் ஆராய்ச்சியில் மட்டும் ஒரே வாயால் பேசுகிறார்கள்.

ஆஷரும் இ. அண்ணாமலையும் சேர்ந்து 2002இல் எழுதிய பேச்சுத்தமிழ்ப் பாடநூலும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. படித்தவர்கள் பொது இடத்தில் பேசும் தமிழ்தான் அதில் பாடம். வெளிநாட்டு மாணவருக்கு எங்கும் செல்லுபடியாகிற ஒரு பேச்சு வேண்டும், நியாயம்தான். ஆனால் 'பொது' என்று எதைச் சொல்கிறோம்? "இருக்கான்" என்பது பொது, "கீறான்" என்பது கொச்சை என்கிறார்கள். ரெண்டுமே 'இருக்கிறான்' என்பதிலிருந்து வந்ததுதான். ஒன்றில் நடு தேய்ந்தது, இன்னொன்றில் முன்பக்கம் தேய்ந்தது. இலக்கணக் கணக்கில் இரண்டும் சமம். வித்தியாசம் எழுத்தில் இல்லை, அதைப் பேசுகிற ஆளில் இருக்கிறது.

ஆஷரின் இலக்கணம் போகாத இந்த இடத்துக்கு அவருடைய மொழிபெயர்ப்பு போயிருக்கிறது என்பது என் வாசிப்பு. 'என்ற உப்புப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது' என்று பொருள்படும் பஷீரின் 1951ஆம் வருஷ நாவலின் தலைப்பே மாப்பிள்ளை முஸ்லிம்களின் வீட்டுப் பேச்சு. 1980இல் வந்த ஆங்கிலத்தில் ஆஷர் வைத்த தலைப்பு 'மீ கிராண்டாட் ஆட் அன் எலிஃபண்ட்'. சுத்தமான ஆங்கிலத்தில் அது 'மை', 'ஹாட்' என்றிருக்க வேண்டும். அவரோ உழைக்கும் சனங்களின் வாயில் விழுந்துபோகிற 'ஹ'வை அட்டையிலேயே விழவிட்டார். சொல்லின் முன்பக்கம் தேய்கிறது. எங்க 'கீறான்' மாதிரியே! ஒரு மொழியின் ஒதுக்கப்பட்ட பேச்சுக்கு இன்னொரு மொழியின் ஒதுக்கப்பட்ட பேச்சுதான் சோடி என்று அந்தத் தலைப்பு சொல்லுகிறது.

தகழியின் 'தோட்டியின் மகன்' (1947) நாவலையும் ஆங்கிலமாக்கியவர் ஆஷர்தான். ஆலப்புழையில் மலம் அள்ளிய மூன்று தலைமுறையின் கதை அது. பெயர்களைப் பாருங்கள்: இசக்கிமுத்து, சுடலைமுத்து. நம்ம தெக்கத்தி சாமிகளின் பெயர்கள். தன் பிள்ளை தோட்டியாகக் கூடாதென்று சுடலைமுத்து அவனுக்கு மோகனன் என்று பேர் வைக்கிறான். காசு சேர்க்கிறான், தன் சனத்தை விட்டு விலகுகிறான், அவர்கள் சங்கம் சேர்வதையும் கெடுக்கிறான். கடைசியில் காலரா அவனைக் கொண்டுபோகிறது. மோகனன் கையில் அதே மலவாளி. பேரை மாற்றினால் சாதி போகாது. மோகனன் தன் சனத்தோடு சேர்ந்து நிற்கும்போதுதான் கதை திரும்புகிறது.

வகுப்பில் "வந்துகொண்டிருக்கிறார்கள் ஐயா" என்று சொல்லப் பழகிய நானும் ஒருவகையில் சுடலைமுத்துதான். என் வாய்க்கு மோகனன் என்று பேர் வைத்தேன். வேலைக்கு நேர்காணல் போகிற நம் பிள்ளைகள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வயிறு இருக்கிறது. ஆனால் வாசலில் விட்டுப்போன பேச்சைத் திரும்பிவந்து எடுத்துக்கொள்ள வேண்டாமா?

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, சேரிப் பேச்சிலேயே ஒரு புத்தகம் நிற்கும் என்று தெரிந்தது. இலக்கியத்தில் அந்தக் கதவு திறந்துவிட்டது. இலக்கணத்தில் இன்னும் அகலத் திறக்கவில்லை. பேச்சுக்கு விதி உண்டு என்று காட்டுகிற கருவியை ஆஷர் போன்றவர்கள் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது நம் வேலை. தமிழ் எம்.ஏ. படிக்கிற தோழர்களே, ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலையவேண்டாம். ஒரு பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். அவள் வினைமுற்றுகளை வரிசையாக எழுதி ஆசிரியர் மேசையில் வையுங்கள். சிரிக்கிறாரா என்று அப்போது பார்ப்போம்.