17 உலைகள், 17 பேர்

அணுமின்சாரத்தை ஆதரிக்கிற நண்பர்களிடம் ஜெர்மனி என்று ஆரம்பித்தால் போதும், அடுத்த வரி இதுவாகத்தான் இருக்கும்: "அவங்க எஞ்சினியரைக் கேட்கலை, பாதிரியாரைக் கேட்டு மூடினாங்க." கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. ஆனால் அந்த 17 பேர் யார் யார், அதற்கு முன் என்ன வேலை பார்த்தார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தபோது, குறை சொல்ல வேண்டிய இடம் வேறு எங்கேயோ இருப்பதாக எனக்குத் தோன்றியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2010 இலையுதிர் காலத்தில் மெர்கல் அரசு அணுவுலைகளின் ஆயுளைச் சராசரியாக 12 ஆண்டுகள் நீட்டித்தது. 2011 மார்ச் 11-ல் ஃபுகுஷிமா. மூன்றே நாளில், மார்ச் 14-ல், அந்த நீட்டிப்பை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைப்பதாக அறிவித்தார் மெர்கல். அப்புறம் 'பாதுகாப்பான எரிசக்தி வழங்கலுக்கான நெறிமுறை ஆணையம்' என்று ஒன்றை அமைத்தார். ஏப்ரல் 4-ல் ஆரம்பித்து மே 30-ல் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். எட்டு வாரம். பத்தாண்டுக்குள் அணுமின்சாரத்திலிருந்து வெளியேற முடியும், வெளியேற வேண்டும் என்பது அறிக்கையின் சாரம். (அப்போது ஜெர்மனியில் இருந்த உலைகளும் 17, ஆணையத்தில் இருந்தவர்களும் 17. தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதி.)

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். முதல் பத்தி, என்ன படித்தார்கள், எந்தத் துறை. ஒருவருக்கு ஒரு கட்டம் என்று வைத்தால்: முன்னாள் அரசியல்வாதிகள் 5, சமூகவியல், தத்துவம், பொருளாதாரம், அரசியல் அறிவியல் எல்லாம் சேர்த்து 5, அறிவியல் அமைப்புகளின் தலைவர்கள் 3, மதகுருக்கள் 2, கம்பெனித் தலைவர் 1, தொழிற்சங்கத் தலைவர் 1. அந்த இரண்டு மதகுருக்கள் மியூனிக் பேராயர் கார்டினல் மார்க்ஸும், பாடன் பகுதியின் புராட்டஸ்டன்ட் பிஷப் ஃபிஷரும். அரசியல்வாதி கணக்கில் நான் வைத்த அலோயிஸ் குளூக் அப்போது ஜெர்மன் கத்தோலிக்கர்களின் மத்தியக் குழுவுக்குத் தலைவர், அதனால் சர்ச் தரப்பை 3 என்றும் சொல்லலாம். எஞ்சினியர்? ஆணையத்தின் இரண்டு தலைவர்களில் ஒருவரான மத்தியாஸ் க்ளைனர். ஜெர்மன் ஆராய்ச்சி நிதி அமைப்பின் தலைவர், ஆனால் அவருடைய துறை உலோகத்தை வளைத்து உருக்கொடுப்பது. மற்ற இரண்டு அறிவியலாளர்களில் ஒருவர் நுண்ணுயிரியல், இன்னொருவர் மண்ணும் காடும். அணு இயற்பியலோ அணுப் பொறியியலோ படித்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

ஆக, நண்பர்கள் சொல்வது சரிதானே? பட்டத்தை வைத்துப் பார்த்தால் சரி.

நான் இரண்டாவது பத்தி ஒன்று சேர்த்தேன்: முந்தைய வேலையில் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். இங்கேதான் கதை மாறுகிறது. இன்னொரு தலைவர் க்ளவுஸ் டோப்ஃபர், 1987 முதல் 1994 வரை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர். செர்னோபில் விபத்துக்குப் பிறகு 1986-ல் உருவான அமைச்சகம் அது. அதன் முழுப்பெயரிலேயே 'உலைப் பாதுகாப்பு' இருந்தது. அதாவது ஏழு வருஷம் நாட்டின் எல்லா உலைகளுக்கும் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் இருந்தவர். (ரைன் நதி சுத்தமாகிவிட்டது என்று காட்ட 1988-ல் ஆற்றில் குதித்து நீந்தியவரும் இவர்தான்.) அவருக்குப் பின் அந்த அமைச்சகத்துக்கு வந்தவர் மெர்கல். 1994 முதல் 1998 வரை அங்கே மெர்கலுக்குக் கீழே நாடாளுமன்றச் செயலராக, நம்மூர் இணை அமைச்சர் மாதிரி, இருந்த வால்ட்டர் ஹிர்ஷேயும் இந்த 17-ல் ஒருவர்.

ஃபோல்கர் ஹவுஃப் இன்னும் சுவாரசியம். 1978 முதல் 1980 வரை மத்திய ஆராய்ச்சி, தொழில்நுட்ப அமைச்சர். கால்கார் என்ற ஊரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதிவேக ஈனுலைக்குப் பணம் கொடுத்தது அந்த அமைச்சகம்தான். அந்த உலை கட்டி முடிக்கப்பட்டது, ஒரு நாளும் ஓடவில்லை, 1991-ல் கைவிடப்பட்டது. இன்றைக்கு அது பொழுதுபோக்குப் பூங்கா. குளிர்விப்புக் கோபுரத்துக்குள்ளே ராட்டினம் சுற்றுகிறது. அணுத் தொழில்நுட்பத்தின் பட்ஜெட் எப்படி வீங்கும் என்று கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. சமூகவியலாளர் ஒர்ட்வின் ரென், தன் வேலை வாழ்க்கையின் ஆரம்பத்தைக் கழித்ததே யூலிஷ் அணு ஆராய்ச்சி மையத்தில். மக்கள் அணு அபாயத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதுதான் அங்கே அவர் ஆராய்ந்தது.

நாலு பேர். 'அணுவைப் பற்றி ஒண்ணும் தெரியாதவங்க' என்பது இங்கேயே உடைகிறது. அதோடு, உலைகளின் தொழில்நுட்பப் பரிசோதனையை இந்த ஆணையத்திடம் யாரும் கேட்கவே இல்லை. அதற்கு உலைப் பாதுகாப்பு ஆணையம் என்று தனியாக நிபுணர் குழு இருந்தது. அது மே நடுவில் தன் அறிக்கையைக் கொடுத்தது: மின் தடையையும் வெள்ளத்தையும் சமாளிப்பதில் ஜெர்மன் உலைகள் ஃபுகுஷிமாவைவிட மேல், ஆனால் பழைய உலைகள் சிலவற்றுக்கு விமானம் மோதினால் தாங்கும் என்பதற்குச் சான்று இல்லை. இந்த மிச்ச அபாயத்தை ஒரு சமூகம் ஏற்கலாமா என்பதுதான் நெறிமுறை ஆணையத்துக்கு வந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு நியூட்ரான் கணக்குப் போடத் தெரிந்தவருக்கும் பிஷப்புக்கும் ஒரே ஓட்டுதான். பிஷப் இருந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் ஆட்சேபம் வேறு. 'ஏற்கலாமா' என்பதோடு நிற்காமல் 'பத்து வருஷத்தில் முடியும்' என்றும் எழுதினார்களே, அந்த இரண்டாவது வாக்கியத்தை யார் தாங்கப் போகிறார்கள்? மின்சாரக் கடத்தல் கம்பி இழுக்கிறவர் அந்த அறையில் இல்லை. மின் நிறுவனங்களிலிருந்து யாரும் இல்லை. நாற்பது வருஷம் உலைகளை எதிர்த்த சுற்றுச்சூழல் அமைப்புகளிலிருந்தும் யாரும் இல்லை. உலை இருக்கிற ஊர்க்காரர் இல்லை. ரெக்வயர்மென்ட் எழுதும் மீட்டிங்கில் ஆபரேஷன்ஸ் ஆளையே கூப்பிடாத புராஜெக்ட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அதே சமயம், எரிவாயுவைப் பெருமளவில் எரிக்கிற பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் தலைவர் ஹாம்ப்ரெக்ட் இருந்தார். அதன் துணை நிறுவனமான வின்டர்ஷாலுக்கு நார்ட் ஸ்ட்ரீம் குழாயில் பங்கு இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களையும் உள்ளடக்கிய தொழிற்சங்கத்தின் தலைவர் வசிலியாடிஸ் இருந்தார். சதி என்று சொல்ல வரவில்லை. எரிவாயுவுக்கும் நிலக்கரிக்கும் தெரிந்த முகம் அறையில் இருந்தது, கம்பிக்கு இல்லை, அவ்வளவுதான்.

விளைவு? வடக்கே வீசும் காற்றின் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோக வேண்டிய சூட்லிங்க் தடம் 2022-ல் தயாராக வேண்டியது. வழியிலிருந்த ஊர்களின் எதிர்ப்பால் கம்பியை மண்ணுக்கு அடியில் போடுவதாக மாற்றினார்கள். இப்போதைய இலக்கு 2028 இறுதி. கடைசி மூன்று உலைகளோ 2023 ஏப்ரல் 15-லேயே நின்றுவிட்டன. நாற்காலி கிடைக்காத மின் நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2021-ல் அரசு சுமார் 243 கோடி யூரோ இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2022-க்குள் வெளியேறுவது என்று கூட்டணிக் கட்சிகள் முடிவெடுத்தது மே 29 இரவு, 30 விடிவதற்குள். அறிக்கை வெளியானது 30-ஆம் தேதி பகலில். யார் யாருக்கு ஆலோசனை சொன்னார்கள்?

ஜெர்மனி இதில் ஏதோ கற்றுக்கொண்டது போலத்தான் தெரிகிறது. 2018-ல் நிலக்கரியை நிறுத்த ஓட்டுரிமையுள்ள 28 உறுப்பினர்களோடு ஓர் ஆணையம் போட்டபோது மின்துறைச் சங்கம், கிரீன்பீஸ், தொழிற்சங்கம், சுரங்கத்துக்கு இடம் இழக்கிற ஊர்களின் ஆட்கள் எல்லாருக்கும் நாற்காலி போட்டார்கள். வசிலியாடிஸ் அதிலும் உண்டு. 27-க்கு 1 என்று ஓட்டு. கிடைத்த கெடு 2038, கூடவே சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ. எல்லாரையும் உட்கார வைத்தால் வேகம் போய்விடுகிறது. எனக்கு 2038 ரொம்பத் தாமதம்தான். இருந்தாலும் உறுப்பினர் பட்டியல் என்ற அளவில் இரண்டாவதுதான் நேர்மையானது. எதிர்த்து விழுந்த அந்த ஒரே ஓட்டு லௌசிட்ஸ் பகுதி ஊர்ப் பிரதிநிதியுடையது. அவருடைய ஊர்க்காரர்களின் மறுப்பு பதிவாவதற்கு ஓர் இடமாவது இருந்தது.

அதே 2011-ல் நம்ம ஊரிலும் இதே கேள்வி எழுந்ததால் இந்த இரண்டு பத்தி ஸ்ப்ரெட்ஷீட்டைக் கூடங்குளத்துக்கும் போட்டுப் பார்த்தேன். இடிந்தகரை போராட்டம் வலுத்ததும் மத்திய அரசு 15 பேர் குழு அமைத்தது. அதன் தலைவர் முத்துநாயகம் ராக்கெட் எஞ்சினியர். 2012 பிப்ரவரியில் தமிழக அரசு தன் பங்குக்கு 4 பேர் குழு அமைத்தது. போராட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி நிபுணர் குழு வைத்திருந்தார்கள், ஆனால் அவர்களில் யாருக்கும் இந்த நாலில் இடம் இல்லை. நாலு பேரில் ஒருவர் அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம்.ஆர். சீனிவாசன். ஜெர்மனியில் இல்லை என்று நண்பர்கள் வருத்தப்பட்ட அதே அணு எஞ்சினியர். முதல் பத்தியில் அவருக்குக் குறையே சொல்ல முடியாது. இரண்டாவது பத்தியில், கூடங்குளத்துக்காக 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டபோது அந்த ஆணையத்தின் தலைவர் அவர்தான். குழு அதே பிப்ரவரி மாதக் கடைசியில் அறிக்கை கொடுத்தது. மார்ச் 19-ல் அமைச்சரவை அனுமதி கொடுத்தது.