பிரௌன் கேட்காத கேள்வி

நதானியல் ஹாதார்ன் 1835-இல் வெளியிட்ட 'இளம் குட்மேன் பிரௌன்' சிறுகதையை, சாத்தான் ஒருவனை வலையில் வீழ்த்திய கதை என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் சாத்தானுக்கு இதில் அவ்வளவு வேலை இல்லை. கல்யாணமாகி மூன்றே மாதமான பிரௌன், மனைவி தடுத்தும் கேளாமல் தானாகவே இரவில் காட்டுக்குக் கிளம்புகிறான். ஒரே ஒரு ராத்திரி பார்த்துவிட்டு வந்து, பிறகு ஒழுங்காக இருந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

மனைவியின் பெயர் ஃபெய்த், அதாவது விசுவாசம். இவ்வளவு வெளிப்படையான உருவகம் கதையை நீதிபோதனையாக்கிவிடும் ஆபத்து உண்டு. அதிலிருந்து கதையைக் காப்பாற்றுவது அவளுடைய இளஞ்சிவப்பு ரிப்பன். காட்டில் அது மேலிருந்து மிதந்து வந்து கிளையில் சிக்குகிறது. எடுத்துப் பார்த்ததும் பிரௌன் உடைந்துபோகிறான். பிறகு அங்கே நடக்கும் சாத்தானின் சடங்கில் ஊராரையும் ஃபெய்த்தையும் காண்கிறான். கனவா நனவா என்ற மயக்கத்தில் நிற்கும் கதையைக் கையில் பிடிக்கக்கூடிய இந்தப் பொருள் கெடுக்கிறது என்பது, 1941-இல் எழுதிய விமர்சகர் எஃப்.ஓ. மாத்தீசனின் கட்சி. எனக்கு உடன்பாடில்லை. விடிந்ததும் ஃபெய்த் ரிப்பன் கட்டியபடியே தெருவில் ஓடிவருகிறாள். அதற்கு முன்பே, சடங்கு மறைந்த நொடியில், தீப்பற்றி எரிந்த கிளை அவன் கன்னத்தில் குளிர்ந்த பனித்துளியைத் தெளித்திருக்கிறது. கண்டது பொய்யாக இருக்கலாம் என்பதற்கு இரண்டு சாட்சிகள். இரண்டையும் அவன் பொருட்படுத்தவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. முகத்தைக் கடுமையாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறான். காட்டுவரை இழுத்துச்சென்ற ஆவல், மிகவும் தேவைப்பட்ட இடத்தில் செத்துக்கிடக்கிறது. அவன் வீழ்ந்தது காட்டில் அல்ல, இந்தத் தெருவில்.

கதை நிகழும் இடமான மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகளில், ஒருவரின் ஆவியுரு வந்து வதைத்தது என்ற சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். விசாரித்த மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவர் ஹாதார்னின் முன்னோர். அன்று தூக்கிலேறிய மார்த்தா கேரியரைத்தான் காட்டுக் கூட்டத்தில் சூனியக்காரியாகக் காண்கிறான் பிரௌன். உருவைக் கண்டு தீர்ப்பெழுதிய அந்த நீதிபதிகளின் வேலையை, ஊரார் அத்தனை பேர்மீதும் அவன் ஆயுள் முழுக்கச் செய்கிறான். உருவகக் கதை சொந்த வம்சத்தின் பாவத்தில் இத்தனை துல்லியமாகக் கைவைத்தது அபூர்வம். இதற்காகவே இதை முதல் வரிசையில் வைக்கிறேன்.

குறை ஃபெய்த்திடம் இருக்கிறது. தனியாக இருந்தால் கெட்ட கனவுகள் வருவதாகத் தொடக்கத்தில் அவளே சொல்கிறாள். அவளுக்கும் அன்றிரவு ஏதோ நேர்ந்திருக்கலாம். அந்த வாசல் திறந்தேயிருக்க, கதை அதற்குள் நுழையாமல் அவளைக் கடைசிவரை ஒரு பெயராகவே வைத்திருக்கிறது. பிரௌன் கேட்காமல் விட்டது அவன் குணம். ஹாதார்ன் கேட்டிருக்க வேண்டும்.